சீவரத்தினத்தின் வலது கால்

சீவரத்தினம் எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார். "நான் பிரேக்கைத்தான் அமத்தினனான்." துக்கம் விசாரிக்க வந்தவர்கள் "ஓம், ஓம்" என்று தலையாட்டுவார்கள். வாசலில் செருப்பை மாட்டும்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார் பாவம் என்பது கிள்ளான் ஊரில் அவரைத் தெரிந்த அத்தனை பேரும் முடிவு கட்டிவிட்ட விஷயம்.

வடிகால் நீர்ப்பாசன இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேரி தீவின் சேற்றுப் பாதைகளில் அரசாங்க ஜீப்பை ஓட்டிக் கை தேர்ந்தவர். வாழ்நாளில் போலீஸிடம் ஒரு அபராதச் சம்மன் வாங்கியதில்லை என்பதைக் கல்யாண வீட்டிலும் சொல்வார், செத்த வீட்டிலும் சொல்வார். மனைவி குணபூசணி தானும் ஓட்டப் பழகுகிறேன் என்றபோது, "நான் இருக்கேக்கை உனக்கேன்?" என்று வாயை அடைத்துவிட்டார். கொஞ்சம் அகம்பாவம்தான். பென்ஷன் வாங்கும் மனுஷனுக்கு அதையும் பிடுங்கிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

அந்த வெள்ளிக்கிழமை இருவரும் பிரிக்பீல்ட்ஸ் கந்தசாமி கோயிலுக்குப் போய்விட்டு வீடு திரும்பினார்கள். வழக்கம்போல் குணபூசணி இறங்கி கேட்டைத் திறக்கப் போனாள். தானாகத் திறக்கும் கேட் போடலாம் என்று மகன் சொன்னபோதெல்லாம், அது கள்ளனுக்கும் திறக்கும் என்று மறுத்தவர் இவர்தான். கேட் பாதியில் சிக்கிக்கொண்டது. அவள் அதைத் தோளால் தள்ளிக்கொண்டிருந்தாள். பின்னால் கார் மெல்ல ஊர்ந்து வந்தது. சீவரத்தினம் பிரேக்கை மிதித்தார். கார் நிற்கவில்லை. அதிக தூரமும் போகவில்லை, ஒரு முழமோ இரண்டு முழமோதான். அந்த இடத்தில்தான் குணபூசணி நின்றிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் நினைவு தெளிந்திருந்த நேரத்தில் அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"காலை மாத்தி வச்சிட்டியளோ?"

"இல்லையப்பா. பிரேக்கைத்தான் அமத்தினனான்."

"சரி, விடுங்கோ. நான் ஒண்டும் நினைக்கேல்லை," என்று அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

அந்த வாரமே போய்விட்டாள். அவரை மன்னித்துவிட்டுத்தான் போனாள். ஆனால் நம்பவில்லை. அவள் வாய் நிறையத் திட்டி, நம்பிவிட்டுப் போயிருந்தால்கூடத் தேவலை என்று சீவரத்தினம் தனியாக இருக்கும்போதெல்லாம் அழுதார்.

காரைச் சோதித்தவர்கள் பிரேக்கில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மகன் சஞ்சீவ் சத்தம் போடவில்லை. சாவியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டான். அம்மாவைக் கொன்ற கார் வாசலில் நிற்பதை அவனால் பார்க்க முடியவில்லை. பக்கத்து ஊரான மேருவில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் குருவிடம் அதை விற்க ஏற்பாடு செய்தான்.

குரு காரை எடுக்க வந்த காலையில் வீட்டில் சீவரத்தினம் மட்டும்தான் இருந்தார். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, கொண்டு போ. ஆனா ஒண்டு மட்டும் பாத்துச் சொல்லு. நான் அமத்தினா இது நிண்டிருக்குமோ, இல்லையோ?"

"அங்கிள், நடந்தது நடந்துடுச்சு. மனசைப் போட்டு ஒழப்பிக்காதீங்க லா." ஆனால் அந்த முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. கூடவே ஏற்றிக்கொண்டான்.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டினான். ஒரு கோளாறும் காட்டவில்லை. எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. பிரேக் பேட், பிரேக் எண்ணெய் எல்லாம் நன்றாக இருந்தன. "எல்லாம் ஓகேதான் அங்கிள்," என்று தலையைச் சொறிந்தான். சீவரத்தினம் தன் காலைத் தானே சந்தேகத்தோடு குனிந்து பார்த்தார்.

"சரி, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துடுவோம். நீங்க இதைப் பிடிச்சிக்குங்க," என்று குரு ஸ்கேனரின் திரையை அவர் மடியில் வைத்தான்.

தன் காரில் அவர் இடது பக்கம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. குணபூசணி குள்ளம், சீட் முன்னால் இழுத்தபடியே கிடந்தது. முழங்கால் இடித்தது. பின்னால் தள்ள மனம் வரவில்லை.

திரையில் நான்கு கோடுகள் ஓடின. சக்கரத்துக்கு ஒரு சென்சார். அந்தச் சக்கரம் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று பிரேக்கின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. ஃபேக்டரிகளுக்கு நடுவே குரு வேகமாகப் போய் நிறுத்தினான். நான்கு கோடுகளும் சேர்ந்தே இறங்கின. மறுபடியும் அப்படித்தான். கடைசியில் வீட்டு வாசலுக்குள் நுழைகிற மாதிரி ஊர்ந்து வந்து மிதித்தான். மூன்று கோடுகள் ஓடிக்கொண்டிருக்க, ஒன்று மட்டும் தொப்பென்று கீழே விழுந்தது. குருவின் காலடியில் தடதடவென்று சத்தம் கேட்டது. கார் அவன் நினைத்த இடத்தைத் தாண்டிப் போய் நின்றது.

"அல்லாமா!" என்று அதிர்ந்தான் குரு.

திரும்பி வந்து முன்சக்கரத்தைக் கழற்றினான். சென்சாருக்கு அடியில் துரு பொங்கி, அதை இருந்த இடத்திலிருந்து மேலே தூக்கியிருந்தது.

"இங்க பாருங்க அங்கிள். மெதுவா போறப்ப டயர் சுத்துறது இதுக்குச் சரியா எட்டல. டயர் சுத்திக்கிட்டிருக்கும்போதே நின்னுடுச்சுன்னு சொல்லுது. டயர் லாக் ஆயிடுச்சுன்னு நெனச்சு, வண்டி வழுக்காம இருக்க கம்ப்யூட்டர் பிரேக்கை விட்டுடுது. நீங்க எவ்ளோ அமுக்கினாலும் விட்டு விட்டுத்தான் பிடிக்கும். நீங்க பிரேக்கைத்தான் அமுக்கியிருக்கீங்க."

சீவரத்தினம் அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். குரு அவரை அழவிட்டான். ஒரு நல்ல காரியம் செய்த சந்தோஷம் அவன் முகத்தில் தெரிந்தது. கையைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டான்.

"ஆனா இது திடீர்னு வந்ததில்ல அங்கிள். பல மாசமாவே நிறுத்துறப்பல்லாம் பெடல் காலுக்கடியில நடுங்கியிருக்கும். நீங்க கவனிக்கலையா?"

கவனித்திருந்தார். பெடல் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, நடுங்குவது தன் கால் என்று நினைத்தார். வயசு காலில் ஏறிவிட்டது என்று ஈரக்குலை நடுங்கிப்போனார். டாக்டரிடம் சொன்னால் சஞ்சீவுக்குத் தெரிந்துவிடும், சஞ்சீவுக்குத் தெரிந்தால் சாவி போய்விடும். அதனால் மூச்சு விடவில்லை. குணபூசணியிடம் முழங்கால் உளைவு என்று வாய் கூசாமல் பொய் சொன்னார். அவள் அதை நம்பி, டிவி பார்த்தபடியே அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

அதற்குள் குரு சஞ்சீவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். ஸ்பீக்கரைப் போட்டுப் போனை அவர் முன்னால் நீட்டினான். மறுமுனையில் சஞ்சீவ் உடைந்து அழுதான்.

"அப்பா, என்னை மன்னியுங்கோ. நான் உங்களை நம்பேல்லை. பிழை என்னிலைதான்."

இந்த வார்த்தைக்காகத்தான் இத்தனை நாளும் அவர் ஏங்கிக் கிடந்தார். இப்போது அதைக் கேட்கக் காது கூசியது.

"தம்பி, அழாதை. பிரேக் பிடிக்கேக்கை கால் நடுங்குறது எனக்கு முதலே தெரியும். என்ரை கால்தான் எண்டு நினைச்சன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"என்னப்பா சொல்லுறியள்?"

"சொன்னா காரைப் பறிச்சிடுவியள் எண்டு பயந்தனான். சொல்லியிருந்தா அம்மா இருந்திருப்பா."

மறுமுனையில் அழுகை நின்றது.  பிறகு சஞ்சீவ் போனை வைத்துவிட்டான்.