கஜனுக்கு வைத்த இரண்டு சம்பல்

ஜெர்மனியில் சம்பல் வதக்குவதற்குத் தலையில் வலை போட வேண்டும். வலையும் வெள்ளை அங்கியும் மாட்டிக்கொண்டு, ஹம் நகரத்தின் ஓரத்திலுள்ள ஒரு கரீபியன் உணவு நிறுவனத்தின் சமையற்கூடத்தில் நேற்று நின்றேன். அடுப்பில் வெங்காயமும் மிளகாயும் சீனியும் சேர்த்து வதக்கும் சீனிச்சம்பல். மறுநாள் என் மகன் கஜன் இறந்த முப்பத்தோராம் நாள். வேலைக்குப் போகும் வழியில் விபத்தில் போய்விட்டான். அவனுக்குப் பிடித்ததை, அவன் சமைத்த சட்டியிலேயே சமைத்துப் படைக்க வேண்டும் என்று மனம் அடம்பிடித்தது.

நிறுவனத்தை நடத்துபவள் ஜமேக்காவிலிருந்து வந்த மார்சியா. மிளகாய்ச் சோஸ் விற்று முன்னுக்கு வந்தவள். சொந்தமாக ஏதாவது தொடங்க நினைக்கும் அயலவர்களுக்குக் கிழமையில் ஒருநாள் கூடத்தை வாடகையில்லாமல் திறந்துவிடுவாள். அவர்கள் செய்வதைத் தன் சோஸோடு சேர்த்துக் கடைகளுக்கு அனுப்புவாள். சிரியப் பெண் ஒருத்தியின் ஊறுகாய் அப்படித்தான் வெளியே போனது. சனிக்கிழமைகளில் அதே அடுப்பில் அந்தத் தெருப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. அங்கேதான் கஜன் சம்பலைப் போத்தலில் அடைக்கத் தொடங்கினான். எனக்குப் பயம். அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்து அவன் எடுத்த நல்ல வேலை கையிலிருந்தது.

"உள்ள வேலையை விட்டுப்போடாதை."

"சம்பல்தானே அம்மா கிண்டுறன், குண்டோ செய்யிறன்?"

ஒரு போத்தல் கொண்டுவரச் சொன்னால், "அது கடைக்கு. உங்களுக்குப் பிடிக்காது, விடுங்கோ" என்பான்.

"நான் சொல்லித்தந்த சம்பல்தானே?"

"ஓம், ஓம்."

நேற்று வெங்காயம் பொன்னிறமானதும் மார்சியா கரண்டியோடு வந்தாள். ருசி பார்க்காமல் அங்கிருந்து எதுவும் வெளியே போகாது. படையலுக்குச் சமைப்பதை எங்களில் யாரும் முன்பே வாயில் வைப்பதில்லை. நான் சட்டியை மறித்து "நைன்", வேண்டாம், என்றேன். அவள் முகம் சுருங்கியது. "உங்கள் செய்முறையை நான் எடுக்கமாட்டேன்" என்றாள். அலுவலகங்களில் டெர்மின் என்று நேரம் எடுக்கவும் அன்ட்ராக் என்ற விண்ணப்பம் நிரப்பவும் போதுமான ஜெர்மன் என்னுடையது, இதை விளக்கப் போதவில்லை. ஒரு கிண்ணத்தில் அள்ளி மூடிவைத்து, "முதலில் கஜன்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்கள் ஊரிலும் இறந்தவருக்கென்று ஒரு தட்டு வைப்போம். அதை யாரும் தொடமாட்டோம்."

பிறகு சட்டியில் மிஞ்சியதை ருசித்தாள். "நன்றாக இருக்கிறது. ஆனால் இது கஜனுடையது இல்லை."

அவன் செய்ததில் மிச்சமிருந்த இரண்டு போத்தல்களை எடுத்துவந்து ஒன்றைத் திறந்தாள். அவர்கள் ஊர் மஞ்சள் மிளகாயின் மணம். தொட்டு நாக்கில் வைத்தேன், புளிக்குப் பதில் தேசிக்காய்ச் சாறு. இன்னும் ஏதோ ஒரு வாசனை, எனக்குப் பெயர் தெரியவில்லை. என் சம்பலும் அதற்குள் இருந்தது, விழுங்கிய பிறகு, தொண்டையில். பெற்று வளர்த்த பிள்ளையின் நாக்கை எனக்குத் தெரியும் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

அங்கே படையலுக்கு எல்லாம் கிடைக்குமோ என்று ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்டார்கள். கிடைக்கும். ஹம்மில் வாழையிலைகூடக் கிடைக்கும். இன்று அந்த இலையில் ஒரு பக்கம் என் சம்பலையும் மறுபக்கம் திறக்காத போத்தலிலிருந்து அவனுடையதையும் வைத்தேன்.

"ஏனப்பா ரெண்டு?" என்று கணவர் கேட்டார். நான் ஒரு குவளைத் தண்ணீரை இரண்டுக்கும் நடுவே வைத்தேன்.

அவன் வந்து உண்ணட்டும் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு இருவரும் வெளியே நின்றோம். பிள்ளை எந்தப் பக்கம் கை நீட்டுகிறானோ என்று, நான் கதவில் காதை வைத்திருந்தேன்.