செங்கோடன் மூன்று முறை கை தூக்கினார்

அந்தியூர் மாட்டுத் தரகர் செங்கோடன் சந்தை நாளில் முப்பது வாயையாவது திறந்து பார்த்துவிடுவார். மூக்கணாங்கயிற்றை இடது கையில் இறுக்கிக்கொண்டு கட்டைவிரலால் உதட்டை ஒதுக்குவார். நாலு பல்லா, ஆறு பல்லா, எல்லாப் பல்லும் முளைத்துக் கடை சேர்ந்துவிட்டதா என்று மாட்டின் வயதை, விற்கிறவன் பேச்செடுப்பதற்குள் சொல்லிவிடுவார். ஆனால் பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து ஐம்பத்துநாலு வயது வரைக்கும் தன் வாயை ஒரு பல் டாக்டரிடமும் அவர் காட்டியதில்லை. இடது பக்கக் கடைவாய்ப் பல் உடைந்து வேர் மட்டும் ஈறுக்குள் நின்றபோதுகூடக் கிராம்பைக் கடித்துக்கொண்டே சந்தைக்குப் போய்வந்தார். கன்னம் வீங்கிக் கண் சிறுத்துப்போன பிறகுதான் மனைவி பூவாத்தாள் ஒரே பிடியாக நின்றாள்.

"ஏனுங்க, இன்னிக்கு ஈரோடு போயே ஆகோணும். வரமாட்டீங்கன்னா நான் சோறாக்க மாட்டேன்."

"ஆக்கிப்போட்டாலும் நான் எங்க திங்கறது?" என்று முனகியபடியே கிளம்பினார்.

பள்ளிக்கூடத்தில் படிக்கையில் ஒரு முகாமில் அவருக்குப் பல் பிடுங்கினார்கள். ஊசி போட்டு ஈறு மரத்துப்போவதற்கு முன்பே இடுக்கியைப் போட்டுவிட்டார்கள். காலை இரண்டு பேர் அமுக்கிப் பிடித்தார்கள். அதைப் பூவாத்தாளிடம்கூட அவர் சொன்னதில்லை. கேட்டால், "பயமெல்லாம் இல்லை, நம்பிக்கை இல்லை" என்பார்.

ஈரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட புது ஆஸ்பத்திரி. எக்ஸ்ரேயைப் பார்த்த இளம் டாக்டர், நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிக்கொண்டிருந்த செங்கோடனின் விரல்களையும் பார்த்தார்.

"பயமா இருக்குதுங்களா? கவலையே வேண்டாம். கையில ஒரு ஊசி போட்டா அப்படியே அமைதியாயிருவீங்க. முழிக்கறப்ப பல்லு இருக்காது. இன்னிக்கே முடிச்சிரலாம்."

அமைதி என்ற சொல்தான் செங்கோடனைச் சுருக்கென்று குத்தியது.

ஆறு வருஷத்துக்கு முந்தைய ஆடிச் சந்தையில், பவானிப் பக்கத்து விவசாயி கதிருக்கு அவர் ஒரு காளை பிடித்துக் கொடுத்தார். அத்தனை கூட்டத்திலும் மேளத்திலும் அந்தக் காளை காதைக்கூட ஆட்டாமல் நின்றது. "சாதுங்க, ஒண்ணும் பண்ணாது" என்றான் விற்க வந்தவன். அதன் கண் பாதி சொருகியிருந்ததையும் வாயோரம் எச்சில் நூலாய்த் தொங்கியதையும் செங்கோடன் பார்த்தார். வெயில் அசதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். நோண்டிக் கேட்டால் பேரம் முறிந்துபோகும். கேட்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் மருந்து தெளிந்தது. தீனி வைக்கப் போன கதிரைக் காளை சுவரோடு சேர்த்து மோதியது. தோள்பட்டை எலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்துக்கிடந்தார். யாரோ சாந்தப்படுத்துகிற ஊசி போட்டு நிறுத்தியிருக்கிறார்கள் என்றார் கால்நடை டாக்டர். கதிர் சண்டைக்கு வரவில்லை, அவ்வளவுதான். அப்புறம் செங்கோடனிடம் மாடு பிடிக்கவும் வரவில்லை.

அன்றிலிருந்து சத்தமில்லாமல் நிற்கிற எதைப் பார்த்தாலும் அவருக்குச் சந்தேகம்.

"ஏந்தம்பி, நான் தூங்கறப்ப என் மூச்சை ஆரு பாத்துக்குவாங்க?" என்று கேட்டார்.

"நாங்கதானுங்க."

"நீங்க பல்லைப் புடுங்குவீங்க. மூச்சை?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

செங்கோடன் காகிதத்தையும் அந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வரும் வழியில் கஷ்டப்பட்டு மூன்று இட்லி விழுங்கியிருந்தார். சாப்பிட்டீர்களா என்று யாரும் கேட்கவில்லை. பிரஷர் மாத்திரை சட்டைப்பையில் இருந்தது. அதையும் யாரும் கேட்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கினார்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் பூவாத்தாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். அப்புறம், "பயந்துட்டு ஓடியாந்துட்டீங்க" என்றாள்.

"கேட்டதுக்குப் பதில் வல்ல, புள்ள."

சொன்னாரே ஒழிய, ஓடிவந்தது எதனால் என்று அவருக்கே தெளிவாக இல்லை.

இரண்டே நாளில் காய்ச்சல் கண்டது. இந்தத் தடவை பூவாத்தாள் யாரையோ விசாரித்து அவரைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனாள். காந்திபுரத்தை ஒட்டிய தெருவில், மருந்துக்கடை மாடியில் சின்ன கிளினிக். டாக்டர் கிளாடிஸுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி. செங்கோடனின் வாயைப் பார்ப்பதற்கு முன்னால் நோட்டை எடுத்தார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், நெஞ்சுவலி வந்ததுண்டா, மூக்கடைப்பு இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். இத்தனை கேட்கிறதென்றால் பின்னால் ஏதோ பெரிதாக வைத்திருக்கிறது என்று செங்கோடன் உஷாரானார்.

"ராத்திரி குறட்டை விடுவீங்களாண்ணா?"

"அதுக்கும் பல்லுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"பக்கத்து ஊட்டு நாயே எந்திரிச்சுக்குமுங்க" என்றாள் பூவாத்தாள்.

கிளாடிஸ் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். "சம்பந்தம் இருக்குதுங்ணா. குறட்டை பலமா விடறவங்களைத் தூங்க வெச்சா மூச்சுக் கொஞ்சம் அடைக்கும். உங்களுக்கு ஊசி போட்டுத் தூங்க வெக்கறதுன்னா, வெறும் வயித்தோட பெரிய ஆஸ்பத்திரிக்கு வரோணும். மயக்க டாக்டர் ஒருத்தர் உங்க மூச்சை மட்டுமே பாத்துட்டு நிக்கோணும். இங்க அதைச் செய்ய மாட்டேன்."

செங்கோடன் பூவாத்தாளைத் திரும்பிப் பார்த்தார். பயந்து ஓடிவந்ததாகச் சொன்னவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

வேறு வழி இரண்டு சொன்னார் கிளாடிஸ். ஒரு மணி நேரம் முன்னால் போடுகிற மாத்திரை ஒன்று. அதைப் போட்டால் அன்றைக்கு முழுக்க மந்தமாக இருக்கும், குறட்டைக்காரருக்கு அதுவும் யோசித்துத்தான் தரவேண்டும். இன்னொன்று மூக்கில் வைக்கிற கேஸ். ஆக்ஸிஜனோடு கலந்து வரும், தூக்கம் வராது, பேசினால் காதில் விழும், பயம் மட்டும் தள்ளி நிற்கும். பல்லுக்கு மரத்துப்போகிற ஊசி எப்படியும் உண்டு.

"தெளியறதுக்கு எவ்வளவு நேரமாகுமுங்க?"

"நிறுத்திப்போட்டு அஞ்சு நிமிஷம் வெறும் ஆக்ஸிஜன். அவ்வளவுதான்."

"தெளியாட்டி?"

"தெளியற வரைக்கும் உங்களை அனுப்ப மாட்டேன். நடுவுல வேண்டாம்னு தோணுனா இடது கையைத் தூக்குங்க, நிறுத்திருவேன்."

சீழ் இருந்ததால் ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார். ஐந்து நாளும் செங்கோடன் அதையே யோசித்தார். நிறுத்திருவேன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். வாய் மரத்து, கண் சொருகிக் கிடக்கிறவன் கையைத் தூக்கினால் பார்க்கவா போகிறார்கள்?

சொன்ன நாளில் போய்ப் படுத்தார். விரலில் ஒரு கிளிப் மாட்டினார்கள். பக்கத்துத் திரையில் எண்கள் ஓடின. மூக்கில் ரப்பர் மூடியை வைத்தார்கள். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் உள்ளங்கால் குறுகுறுத்தது. தோள் தளர்ந்தது. தளர்வதை உணர்ந்ததும் அவருக்குத் திக்கென்றது. அந்தக் காளைக்கும் இப்படித்தானே இருந்திருக்கும்!

இடது கையைத் தூக்கினார்.

கிளாடிஸின் கை உடனே பின்வாங்கியது. "சொல்லுங்ணா."

"ஒண்ணுமில்லீங்க."

ஊசி இறங்கியது. எங்கேயோ தூரத்தில் யாருக்கோ போடுவதுபோல் இருந்தது. ஈறும் உதடும் மரத்தன. இடுக்கி உள்ளே போகும்போது மறுபடியும் தூக்கினார். வலியில்லை, வேண்டுமென்றே தூக்கினார். இடுக்கி வெளியே வந்தது. "வலிக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டார் கிளாடிஸ். இல்லையென்று தலையசைத்தார்.

வேர் அசைய ஆரம்பித்திருந்தது. இப்போது நிறுத்தினால் டாக்டருக்குக் கோபம் வரும், கைவேலை கெடும். இந்த நேரத்தில் நிறுத்துகிறவர்தான் உண்மையாக நிறுத்துகிறவர் என்று செங்கோடனுக்குப் பட்டது. மூன்றாவது முறையும் தூக்கினார்.

கிளாடிஸ் நிறுத்தினார். இந்த முறை எதுவும் கேட்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். திரையில் எண்கள் ஓடுவதைச் செங்கோடன் கொஞ்ச நேரம் பார்த்தார். தூக்கிய கையை அவரே மெதுவாக இறக்கி வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, வாயை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தார்.

வேர் இரண்டு துண்டாக வந்தது. ஆக்ஸிஜன் முடிந்து நிமிர்த்தி உட்காரவைத்தபோது தேதி, ஊர், மனைவி பெயர் எல்லாவற்றையும் தனக்குத்தானே சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார். எல்லாம் இருந்தது.

"மூணு வாட்டி சும்மாத்தானுங்க தூக்குனேன், அம்மணி" என்றார் பஞ்சைக் கடித்தபடி, பாதி விளங்கும் குரலில்.

"தெரியுமுங்ணா. நாலாவது வாட்டி தூக்கியிருந்தாலும் நிறுத்தியிருப்பேன்."

படியிறங்கி மருந்துக்கடை வாசலுக்கு வந்ததும் பூவாத்தாள் நின்றுவிட்டாள். முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே, "ஏனுங்க, எனக்கும் வலப்பக்கம் ஒண்ணு எட்டு மாசமா குடையுதுங்க" என்றாள்.

"எட்டு மாசமா? வாயைத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"எனக்கும் பயந்தானுங்க. உங்களைத் தெகிரியமாக் கூட்டியாந்தா, எனக்கும் தெகிரியம் வருமான்னு பாத்தேன்."

செங்கோடன் பஞ்சை இன்னும் இறுக்கிக் கடித்துக்கொண்டார். அவள் கையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியை நோக்கித் திரும்பினார்.

அடுத்த அரைமணி நேரம் கிளாடிஸ் பூவாத்தாளிடம் கேட்டதைவிட, செங்கோடன் கிளாடிஸிடம் கேட்டதுதான் அதிகம்.