படி ஏறச் சிரமமா? மேருவுக்கு ஒரு நாள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரே ஒரு கேள்விக்காக பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் பக்கத்து மேரு வரை போய்வந்தேன். சுற்றிப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை, தொழிற்சாலைகளும் லோரிகளும்தான். கள ஆய்வுக்குப் போகிறவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

எங்கள் முட்டிவலி ஆய்வில் 'படி ஏறச் சிரமமா?' என்று ஒரு கேள்வி. எந்த வட்டாரத்தின் நிலை மோசமோ, அங்கேதான் முட்டிக்குப் பயிற்சி சிகிச்சை தரும் இலவச பிசியோ வண்டி போகும். ஐட்டம் ரெஸ்பான்ஸ் தியரி என்ற முறையில் ஒவ்வொரு கேள்வியையும் தனியாகச் சோதிப்போம். ஒரே அளவு வலி உள்ளவர்கள், எந்த இனமானாலும், ஒரு கேள்விக்கு ஏறத்தாழ ஒரே மாதிரி பதில் சொல்ல வேண்டும். மேருவின் தமிழ்ப் பெண்கள் அப்படிச் சொல்லவில்லை. பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, நடக்க முடியாதாம், உட்கார்ந்தால் எழ முடியாதாம், படி ஏற மட்டும் சிரமமே இல்லையாம். அந்தப் பதிலால் மேரு தேவலை என்று கணக்கு காட்டியது. வண்டி கைநழுவும் நிலை. பதிவுப் பிழை என்றார் மேலதிகாரி. நான் நம்பவில்லை.

காலை எட்டரைக்கு கொமுட்டர் ரயில். கிள்ளானுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து கிராப் டாக்சி, பதினெட்டு ரிங்கிட். ஓட்டுநர் அங்கிள் வழி முழுக்கத் தன் முட்டியைப் பற்றியே பேசினார். என் ராசி அப்படி.

அப்படிப் பதில் சொன்னவர்களில் ஒருவரான சரோஜா அக்கா, கையுறைத் தொழிற்சாலையில் வருடக்கணக்காக நின்றே வேலை பார்த்தவர். வீட்டில் ஒரு படிகூடக் கிடையாது. அப்புறம் எந்தப் படியை நினைத்துப் பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"பத்துமலைக் கோயில் படிதான்மா. தைப்பூசத்துக்குப் பால்குடத்தோட ஏறினேனே. எறங்கறப்பதான் காலு மடங்கிருச்சு. ரெண்டு மகனும் தூக்கிட்டு வந்தாங்க. ஒரு வாரம் படுத்தே கெடந்தேன்லா."

முருகனைப் பார்க்க ஏறியதைச் சிரமம் என்று யாராவது சொல்வார்களா என்று என்னையே கேட்டார். அடுத்த இரண்டு வீடுகளிலும் அதே பத்துமலைதான். எனக்கு அழுகையே வந்தது, பாதி அசதியால்.

போகிறவர்களுக்கு: மதிய வெயிலில் கிராப் கிடைக்காது, வந்த வண்டியையே காத்திருக்கச் சொல்லுங்கள். குடை அவசியம். படியைப் பற்றிக் கேட்டால், எந்தப் படி என்றும் கேளுங்கள்.

அந்தக் கேள்வியை இவர்களுக்குத் தனியாக எடைபோட்டு மறுபடி கணக்குப் போடுகிறேன். மேலதிகாரி ஒப்புக்கொள்வாரா, தெரியவில்லை. கிளம்பும்போது வண்டி வருமா என்று அக்கா கேட்டார். கணக்கு முடியட்டும் என்றேன்.

"சீக்கிரம் முடிங்கம்மா. அடுத்த தைப்பூசத்துக்கும் ஏறணும்."