கோணல் வரப்பும் சலேத்தக்காவும்

செய்தி வந்தபோது நான் கொல்லையில் இருந்தேன். அன்று சனிக்கிழமை, பள்ளிக்கூடம் இல்லை. ஏரோட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்குக் கூழ் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். மளிகைக் கடை மாணிக்கம் அண்ணன் வண்டிப் பாதையில் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே ஒரு காலை ஊன்றிக்கொண்டு கத்தினார்.

"ண்ணா, சலேத்தம்மா போய்ட்சு. விடியக்காத்தால, காஞ்சிபுரம் ஆஸ்பத்திரில."

அப்பா மாடுகளை நிறுத்தினார். "எப்போ எட்த்துகினு வராங்க?"

"மத்தியானத்துக்குள்ள வந்துடுமாம். வண்டிக்கு அலைஞ்சிகினு கீறாங்க."

"சரி, நீ போ. நான் வரேன்."

மாணிக்கம் அண்ணன் போய்விட்டார். அப்பா மாடுகளைத் திருப்பி, மிச்சமிருந்த மூன்று உழவுச் சாலையும் ஓட்டி முடித்தார். நான் கூழ்ச் சட்டியோடு நின்றேன். அவர் உழுதுகொண்டிருந்த இடம் சலேத்தக்காவின் நிலம். அது எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். எனக்கு அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

நாளை ஞாயிற்றுக்கிழமை அவருக்கு முப்பதாம் நாள் பூசை. பூசை முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது படிக்க ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னவர் எங்கள் தமிழ் டீச்சர். அவரும், இதைக் கேட்கப்போகும் உங்களைப் போல, மாதா கோயிலுக்கு வருகிறவர். "நீ அவங்களுக்குப் பக்கத்து வூட்டுப் பொண்ணு, பக்கத்துக் கொல்லையும் உங்களுது. உன்ன விட யாருக்குத் தெரியும்?" என்றார். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் எழுதுகிறேன். சலேத்தக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தங்கை லூர்தக்காவும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் சலேத்தக்காவோடுதான் இருந்தார்கள். நாலு பேருக்கும் அந்த மேட்டுக் கொல்லைதான் சோறு. அவர் சத்தமாகப் பேசுவார். யாரையும் கேலி செய்துவிட்டுத்தான் நலம் விசாரிப்பார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஆடி மாதம், மல்லாட்டைக் கடலை விதைத்த நாலாம் நாள் பெரிய மழை பெய்தது. எங்கள் பக்கத்துக் கொல்லைகளெல்லாம் மேட்டிலிருந்து ஏரி வரைக்கும் சரிவு. விதையும் மேல்மண்ணும் சேர்ந்து ஏரிக்குப் போய்விட்டன. மறுநாள் எல்லோரும் கொல்லையில் நின்று வானத்தைத் திட்டினார்கள். சலேத்தக்கா மட்டும் ஸ்ரீபெரும்புதூருக்குப் பஸ் ஏறிப் போனார். மண்ணைக் காப்பாற்ற வரப்புப் போடுவதற்குச் சர்க்கார் உதவித் திட்டம் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு வந்தார். செலவில் ஒரு பங்கு மானியம், திருப்பித் தர வேண்டாம். மிச்சம் கடன், வருடா வருடம் தவணை. ஆனால் ஒருத்தர் கொல்லைக்கு மட்டும் தரமாட்டார்கள். தண்ணீர் மேட்டிலிருந்து இறங்கி வருவதால், அந்தச் சரிவில் நிலம் உள்ள எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருத்தர் மறுத்தாலும் யாருக்கும் இல்லை.

பதினோரு பேரில் பத்துப் பேரிடம் வாங்கிவிட்டார். கடைசி ஆள் என் அப்பா. மூன்று நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"சர்க்கார் சொம்மா குடுப்பானா? பாதி மானியம்பான், பாதி கடன்னு கழுத்துல கட்டுவான். அப்பறம் கொல்லையே என்னுதும்பான்" என்றார் அப்பா.

"எட்த்துகினு போயி மெட்ராஸ்ல வெச்சிக்கப் போறானா உன் கொல்லைய? அந்தக் கல்லு மேட்டையா?"

உள்ளே அம்மா சிரித்துவிட்டார். அப்பா திரும்பிப் பார்த்தார். அம்மா அடுப்பை ஊதினார்.

"இன்னாண்ணா, வருசா வருசம் உன் மண்ணு ஏரிக்குப் போயி ஏரி தூர்ந்துகினு கீது. அதத் தூர் வாருன்னு மனு குடுத்ததும் நீதான். மண்ண உன்கிட்டயே வெச்சிக்கினா ரெண்டு வேலையும் மிச்சம்தான?"

மூன்றாம் நாள் அப்பா அந்தக் காகிதத்தை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். நான் முழுவதும் படித்தேன். நிலம் யாருடையதோ அவருடையதாகவே இருக்கும் என்று அதில் ஒரு வரி இருந்தது. அதை அப்பா இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

சித்திரையில் ஓவர்சியர் ஜீப்பில் வந்தார். மூன்று கால் வைத்த தூரக்கண்ணாடி ஒன்றை நிறுத்தி, ஆள் பிடித்த கோலைப் பார்த்துப் பார்த்து ஒரே மட்டத்தில் முளை அடிக்கச் சொன்னார். முளைகள் பழைய வரப்போடு போகவில்லை. எங்கள் நிலம் கீழே, சலேத்தக்காவின் நிலம் மேலே. மேற்கு மூலையில் இரண்டு நிலமும் சேரும் இடத்தில் தொடங்கிய முளைகள், கிழக்கே போகப் போக பழைய வரப்பை விட்டு விலகி அவருடைய நிலத்துக்குள் போய்விட்டன. கிழக்குக் கோடியில், பழைய எல்லைக்கும் முளைக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டி திரும்பும் அளவுக்கு இடம் இருந்தது. அந்த முக்கோணத் துண்டு அவருடையது. ஆனால் இனி எங்கள் பக்கம்.

"ஓவர்சியர் காலைலயே ஊத்திகினு வந்துட்டாரு போல" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தார்கள். சலேத்தக்காவும் சிரித்தார். "அவரு இன்னா பண்ணுவாரு? தண்ணிக்கு நம்ம பட்டா தெரியாது. அது போற மாதிரிதான் நாம குறுக்க படுக்கணும்."

பழைய வரப்பு இருந்தால் தண்ணீர் அதை ஒட்டி ஓடிப் புது வரப்பை உடைத்துவிடும், அதனால் அதை வெட்டிப் போட்டுவிடுங்கள் என்றார் ஓவர்சியர். எல்லை எது என்பதற்குச் சர்வே கல் இருக்கிறது, அது போதும் என்றும் சொன்னார். சலேத்தக்கா முதல் மண்வெட்டியைத் தானே போட்டார்.

அந்த வருடம் மழை வந்த அன்று நாங்கள் வீட்டுக்குள் இருந்தோம். தலையில் கோணிப்பையைக் கவிழ்த்துக்கொண்டு சலேத்தக்கா தெருவில் ஓடி வந்தார். "வந்து பாருங்கடி, மண்ணு நின்னுகினு கீது!" என்று கத்தினார். அம்மாவும் லூர்தக்காவும் நானும் போனோம். புது வரப்புக்கு மேல் பக்கம் செம்மண் தண்ணீர் தேங்கி, ஓடாமல், வரப்போடு வளைந்து நின்றது. அவர் முழங்கால் வரை அதில் இறங்கி நின்றார். அவ்வளவு சந்தோஷமாக ஒரு பெரியவர் நின்று நான் பார்த்ததில்லை.

அந்த வருடம் வரப்பைத் தாண்டி வந்து அந்தத் துண்டில் அவரே விதைத்தார். "உன் வூட்டுக்குள்ள வந்து நான் ஒல வெக்கிற மாதிரி கீதுண்ணா" என்று அப்பாவிடம் சொல்வார். அப்பாவும் சிரிப்பார்.

அடுத்த வருடம் கோடை உழவுக்கு அப்பா வரப்பு வரைக்கும் ஓட்டினார். சலேத்தக்கா ஓடி வந்தார்.

"ண்ணா, இன்னா பண்ற?"

"சர்க்கார் அளந்து போட்ட வரப்பு. மேல உன்னுது, கீழ என்னுது."

"அது தண்ணிக்குப் போட்டது. உனக்கும் எனக்கும் போட்டதில்ல."

"வரப்புன்னா வரப்புதான். ஊர்ல கேளு."

ஊரில் கேட்டார். முக்கால்வாசிப் பேர் அப்பா சொன்னதையே சொன்னார்கள். இந்த ஊரில் வரப்பு என்றால் அதற்கு அந்தப் பக்கம் அடுத்தவர் நிலம். தண்ணீருக்காக மட்டும் ஒரு வரப்பை யாரும் பார்த்ததில்லை. முதலில் அப்பாவும் அதை உண்மையாகவே நம்பினார் என்று நினைக்கிறேன். சலேத்தக்கா, "கல்லு கீது, வந்து பாருங்க" என்று நாலு பேரைக் கூப்பிட்டார். அவர்கள் வருவதாகச் சொன்ன நாளில் போய்ப் பார்த்தபோது கிழக்கு மூலையில் கல் இல்லை. உழுத மண்தான் இருந்தது. ஓவர்சியர் கையூட்டு வாங்கிக்கொண்டு எங்களுக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டார் என்று சிலர் பேசினார்கள். "அந்தாளச் சொல்லாதீங்க, அவரு தண்ணியப் பார்த்தாரு" என்று சலேத்தக்கா சண்டை போட்டார். தாலுகா ஆபீசுக்கு மனு கொடுத்தார். வரப்புக் கடனின் தவணையை, அந்தத் துண்டுக்கும் சேர்த்து, அவர்தான் கட்டினார்.

பள்ளிக்கூடம் திறந்த ஆனி மாதம், ஒருநாள் காலை ஒரகடம் கூட்டு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றேன். அவரும் தாலுகா ஆபீசுக்குப் போக வந்திருந்தார். என் பக்கத்தில் வந்து நின்றார். எப்போதும் போல் கேலி செய்யவில்லை.

"அமுதா, லீவுல தெனம் நீதான அந்தப் பக்கம் கூழு எட்த்துகினு போன. கல்லு என்னிக்கு வரைக்கும் இருந்துச்சு?"

"தெரியாதுக்கா" என்றேன். எனக்குத் தெரியும்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "பஸ்ஸு வருது, ஏறு" என்றார். உள்ளே அவருக்கு உட்கார இடம் கிடைத்ததும் நின்றுகொண்டிருந்த என் புத்தகப் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் உயிரோடு இருந்தார். தெருவில், குழாயடியில், எத்தனையோ முறை பார்த்தோம். வேகவைத்த மல்லாட்டை கொடுத்தார். கணக்கில் எத்தனை மார்க் என்று கேட்டார். கல்லைப் பற்றிக் கேட்கவில்லை. மாசியில் மஞ்சள் காமாலை முற்றி வண்டியில் ஏற்றியபோது நான் வாசலில் நின்றேன். "பரீச்சைக்குப் படிடி" என்றார். அப்போதும் கேட்கவில்லை.

அவர் உடலைக் கொண்டு வந்த வண்டிக்கு அப்பாதான் பணம் கொடுத்தார். குழி வெட்டும் இடத்தில் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கடைசியில் நின்றார். அழுதார். அது நடிப்பில்லை. அதையும் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். நான் வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்தேன். சாப்பிட்டேன். பாடம் படித்தேன்.

டீச்சர் கேட்டதை நான் முதலில் வேறு மாதிரி எழுதினேன். அப்பா படித்துக் காட்டச் சொன்னார். வரப்பு என்ற சொல் வந்ததும் கையை நீட்டி நிறுத்தினார். "அதெல்லாம் எதுக்கு? நல்லவங்க, எல்லாருக்கும் ஒத்தாசையா இருந்தாங்கன்னு எழுது. போதும்" என்றார். அப்படியே எழுதிக் காட்டினேன். அந்தத் தாள் என் பையில் இருக்கிறது. இது அவர் தூங்கிய பிறகு எழுதுவது. அவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது.

லூர்தக்கா திங்கட்கிழமை மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கையெழுத்துப் போடப் போகிறார் என்று அம்மா சொன்னார். "ஆளே போயாச்சு, உனக்கு எதுக்கு வம்பு, ரெண்டு புள்ளைங்கள வெச்சிகினு?" என்று பெரியவர்கள் சொன்னார்களாம். சர்வேயர் அடுத்த வாரம் வர இருந்தார். மனு இல்லையென்றால் வரமாட்டார். அந்தத் துண்டும் பிறகு கிடையாது.

டீச்சர், நாளைக் காலை உங்களிடம் நான் கொடுக்கப்போவது இதைத்தான். எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால் லூர்தக்காவிடம் மட்டும் படித்துக் காட்டுங்கள். யார் எழுதியது என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடும். என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுவார். பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பாவை யாரும் அடிக்கவோ போலீசில் சொல்லவோ வேண்டாம். நிலத்தைக் கொடுத்துவிட்டால் போதும்.

அந்தக் கல்லை அப்பாதான் கடப்பாரையால் நெம்பினார். நான் தண்ணீர்ச் செம்போடு போய் நின்றேன். என்னைப் பார்த்ததும், "நீ ஒண்ணியும் பாக்கல" என்றார். வரப்பே எல்லை என்று நம்புகிறவர் கல்லைத் தொட வேண்டியதில்லை. அதைக் கோணியில் சுற்றி வண்டியில் கொண்டுவந்து, எங்கள் மாட்டுக் கொட்டகையில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் முட்டாக வைத்திருக்கிறார். கல்லின் தலையில் வெட்டிய சர்வே அடையாளம் சுவர்ப் பக்கம் இருக்கிறது.

சலேத்தக்காவின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அவர் ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு, மறுபடி கேட்காமல் விட்ட கேள்விதான் இருக்கிறது. நான் சொல்வேன் என்று காத்திருந்தாரா, சொல்ல வைத்தால் எனக்கு என்ன ஆகும் என்று யோசித்து விட்டுவிட்டாரா, தெரியவில்லை. இனி தெரியாது. பதிலை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

லீவு விட்டு ஒம்பதாம் நாள் காலைல வரைக்கும் இருந்துச்சுக்கா.