முனிவேலுக்குப் போட்ட மாலை

பேரிகை கிராமத்து ஆஞ்சப்பனுக்கு நான் ஒரு காலத்தில் பன்னிரண்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தேன். கூலிக்காரனிடம் கடன் வாங்கியவன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. முதல் லேத் மெஷினுக்கு முன்பணம் குறைந்தபோது பாங்கிக்காரன் என் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தான். கூடப்பிறந்த அண்ணன் கதவையே திறக்கவில்லை. ஆஞ்சப்பன்தான் இரண்டு கறவை மாடுகளை விற்றுக் கொண்டுவந்து கொடுத்தான். பத்திரம் கேட்கவில்லை, சாட்சி வைக்கவில்லை. மூன்று வருஷத்தில் வட்டியோடு திருப்பிக் கொடுத்து, வேட்டி துண்டும் எடுத்துக் கொடுத்தேன். அந்தக் கணக்கு அன்றோடு தீர்ந்தது.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்றைக்கு ஓசூர் சிப்காட்டில் கோவிந்தப்பன் பட்டறை எது என்று ஆட்டோக்காரனைக் கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு கொண்டுவந்து விடுவான். எட்டு சி.என்.சி. மெஷின் ஓடுகிறது. இஞ்சினியரிங் படித்த பையன்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். இதையெல்லாம் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது ஆஞ்சப்பன் மகன் முனிவேலைப் பற்றி.

முனிவேல் பிளஸ் டூ முடித்துவிட்டுப் பேரிகைப் பக்கம் ரோஜாப்பூ வளர்க்கும் பசுமைக்குடிலில் பூ அறுத்துக்கொண்டிருந்தான். விரலெல்லாம் முள் கிழித்த கோடுகள். சாயங்காலமானால் ஏரிக்கரை மண்ணில் கபடி. வெறுங்காலோடு ஆடுவான். இடது ஓரத்தில் நிற்பான். எதிரணியிலிருந்து பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடித்தான் என்றால் அந்தக் கால் அப்புறம் அவனுக்குச் சொந்தமில்லை. ஒரு பொங்கல் போட்டியில் அவன் பிடியைப் பார்த்தேன். அப்பன் சாயல் அப்படியே இருந்தது. அன்றைக்கே நம் அணியில் சேர்த்துவிட்டேன்.

நம் அணி என்றால் எல்லைக் காளைகள். ஆரம்பித்தவன் நான், தலைவரும் நான். முதலில் என் கைக்காசில்தான் ஓடியது. பிறகு ஒரு பெரிய கம்பெனி, பெயர் வேண்டாம், என் பட்டறைக்கு ஆர்டர் தருகிறவர்கள், பனியனில் அவர்கள் பெயரைப் போட்டுக்கொண்டு செலவை ஏற்றார்கள். வேன் வந்தது, களத்தில் விரிக்க ரப்பர் மேட் வந்தது, ஷூ வந்தது. வேனின் இரண்டு பக்கமும் "ஒழுக்கம், ஒற்றுமை, வெற்றி" என்று எழுதினார்கள். அதைவிடப் பெரிய விஷயம், ஆட்டக்காரர்களைக் கம்பெனியில் பயிற்சித் தொழிலாளிகளாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷம் ஒழுங்காக ஆடி, ஒழுங்காக வேலை பார்த்தால் பர்மனெண்ட்.

முனிவேலுக்கு அது ஒன்றுதான் வேண்டும். ஆஞ்சப்பன் இறந்துபோன பிறகு, அம்மா மாரம்மாவும் அவனும் சிமெண்ட் ஷீட் வீட்டில் இருந்தார்கள். பர்மனெண்ட் ஆனால் பாங்கில் கடன் கிடைக்கும், கூரையை எடுத்துவிட்டுத் தளம் போடலாம். ஷிப்டுக்கு ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை. பர்மனெண்ட் ஆர்டர் வர இன்னும் மூன்று மாதம் இருந்தது. அப்போதுதான் மாலூர் போட்டி வந்தது.

எங்கள் அணியில் ஒரு பழக்கம் உண்டு. தோற்ற ஆட்டத்தில் கடைசிப் புள்ளியை விட்டவன், எல்லார் ஷூக்களையும் லேஸால் ஒன்றாகக் கட்டி, தோளில் போட்டுக்கொண்டு உடைமாற்றும் அறையிலிருந்து வேன்வரை நடக்க வேண்டும். சுமை என்பார்கள். கேப்டன் இளம்பரிதியே ஒருமுறை தூக்கியிருக்கிறான். நானும் பார்த்துச் சிரித்திருக்கிறேன். தோற்ற வயிற்றெரிச்சல் அந்தச் சிரிப்பில் கரைந்துபோகும், அவ்வளவுதான்.

மாலூரில் ஒரு புள்ளியில் தோற்றோம். முனிவேல் பிடித்த கால் கடைசி நொடியில் வழுக்கிக் கோட்டைத் தொட்டுவிட்டது. உடைமாற்ற ஒரு பள்ளிக்கூட வகுப்பறையைக் கொடுத்திருந்தார்கள். நான் வெளியே கமிட்டிக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே நடந்ததை மறுநாள் காலையில், ஊரெல்லாம் பார்த்த பிறகுதான், என் பட்டறைப் பையன் போனில் பார்த்தேன்.

முனிவேலுக்குத் தோளில் போடவில்லை, கழுத்தில் போட்டார்கள். ஆடின ஏழு பேரின் பதினான்கு ஷூவும் மார்பில் தொங்குகிறது. முனிவேல் சிரிக்க முயற்சி செய்கிறான். அப்போது ஒரு குரல் கேட்கிறது: "இன்னும் குனிடா. உங்கப்பன் கையில தூக்கிட்டு நடந்தான், நீ கழுத்துல போட்டுட்டு நட." எல்லாரும் சிரிக்கிறார்கள். குரல் இளம்பரிதியுடையது.

வெளியூர்க்காரர்களுக்குப் புரியாமல் போகலாம். எங்கள் பக்கத்துச் சில தெருக்களில் ஒரு சாரார் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்கவேண்டும் என்று இருந்த காலம் உண்டு. ஆஞ்சப்பன் அப்படி நடந்தவன். அந்த வீடியோவைப் பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியும். யார் எடுத்தது, யார் ஸ்டேட்டஸில் வைத்தது என்று கேட்டால் பத்துப் பேரும் சுவரைப் பார்த்தார்கள்.

கம்பெனியிலிருந்து மேகலா மேடம் கூப்பிட்டார். ஆட்கள் நிர்வாகம், விளம்பரம் இரண்டும் அவர் கையில். நான் போகும்போது இளம்பரிதியும் அங்கே உட்கார்ந்திருந்தான்.

"தலைவரே, அது ரூம் விளையாட்டு. வெளிய போனதுதான் தப்பு," என்றான்.

"ஏன்டா, அவன் அப்பனை எதுக்குடா இழுத்த?"

"வாய்ல வந்துடுச்சு. நாங்க இதவிடக் கேவலமால்லாம் பேசிக்குவோம். நீங்க உள்ள வந்து கேட்டதில்ல, அவ்ளோதான்."

மேகலா மேடம் பேனாவால் மேசையைத் தட்டினார். "சார், ரூம்ல நடந்தது ரூம்லயே இருக்கணும். வேன்ல ஒழுக்கம்னு எழுதியிருக்கோம். இப்ப அந்த வேன போட்டோ எடுத்துப் போட்டுச் சிரிக்கிறாங்க. டீமோட இமேஜ் போச்சுன்னா மேல இருக்கவங்க ஸ்பான்சரையே நிறுத்திடுவாங்க."

"அப்ப இவனை நிறுத்துங்க மேடம்."

"இவர் இல்லாம டீம் ஜெயிக்குமா சார்? முனிவேலே ஒரு வீடியோ பேசட்டும். எல்லாரும் அண்ணன் தம்பி, இது விளையாட்டுன்னு. முப்பது செகண்டு போதும்."

முனிவேலைக் கூட்டிவந்து புது பனியன் போட்டு, கம்பெனிப் பெயர் தெரிகிற மாதிரி நிற்கவைத்தார்கள். அவன் மறுக்கவில்லை. பர்மனெண்ட் ஆக வேண்டியவன் எப்படி மறுப்பான்? சொல்லவேண்டியதைச் சொன்னான். மேகலா மேடம், "நல்லா இருக்கு, கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க," என்றார். மறுபடி சொன்னான். சிரிப்பு வரவில்லை. "பல்லு தெரியற மாதிரி." மறுபடி. வாய் விரிகிறது, கன்னம் நடுங்குகிறது. பார்க்கிறவர்களுக்கு அழுகிற மாதிரிதான் இருந்தது. படம் எடுத்தவனே போனைக் கீழே இறக்கிவிட்டான்.

"பரவால்ல, வேற ஐடியா பாக்கலாம்," என்றார் மேடம்.

அந்த வேறு ஐடியாவை நான் கொடுத்தேன். எத்தனையோ சண்டையை மேடை போட்டுத் தீர்த்தவன் நான். இரண்டு பங்காளிக்குள் கோர்ட்டுவரை போன வழக்கை ஒரு பொன்னாடையில் முடித்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு குருபரப்பள்ளியில் போட்டி. நம் அணி ஆடுகிறது, நான்தான் சிறப்பு விருந்தினர். ஆட்டத்துக்கு முன்னால் முனிவேலை ஆடுகளத்தின் நடுவில் நிறுத்தி, இளம்பரிதி கையாலேயே பெரிய மாலையாகப் போடவைத்துக் கட்டிப்பிடிக்கச் சொல்லலாம். செருப்பு விழுந்த கழுத்தில் ஊர் பார்க்கப் பூ விழட்டும். அவமானப்படுத்தின கையே மரியாதை செய்யட்டும். இதைவிட வேறென்ன வேண்டும்? மேகலா மேடம் எழுந்து நின்று கை கொடுத்தார். "சார், நீங்க படிக்கலன்னு யார் சொன்னது?" என்றார்.

முனிவேலிடம் போய்ச் சொன்னேன்.

"மாலை வேணாங்க ஐயா. ஆடறேன், அது போதும்."

"மரியாதைடா. உனக்கு நான் வாங்கிக் கொடுக்கற மரியாதை."

"எல்லாரும் கழுத்தையே பாப்பாங்க."

"பாக்கட்டும். பாக்கறதுக்குத்தான போடறோம்?"

மாரம்மாதான் அவனை அனுப்பிவைத்தாள். "போயிட்டு வா சாமி. இத்தினி நாள் நின்னுட்ட, இன்னும் மூணு மாசம். ஷூவுன்னா ஷூ, பூவுன்னா பூ. கூரைய நெனச்சுக்கோ," என்று என் எதிரிலேயே சொன்னாள்.

குருபரப்பள்ளியில் ஹைவே ஓரத்துத் திடல். நல்ல கூட்டம். கிருஷ்ணகிரிக்காரர்கள், சூளகிரிக்காரர்கள், எல்லை தாண்டி வந்த கன்னடக்காரர்கள். மாலையை நானே நின்று கட்டவைத்தேன், ஆள் உயரம், முழுக்க ரோஜா. மைக்கில் ஐந்து நிமிஷம் பேசினேன். நல்லாத்தான் பேசினேன், கைதட்டினார்கள். முனிவேல் நடுக்கோட்டில் வந்து நின்றான். இளம்பரிதி மாலையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

முனிவேல் நல்ல உயரம். இளம்பரிதி அவன் தோளுக்குத்தான் வருவான். மாலை ஏறவேண்டும் என்றால் முனிவேல் குனிந்தாக வேண்டும். இது எனக்குத் தோன்றவேயில்லை. அத்தனை யோசித்தவனுக்கு இது தோன்றவில்லை.

அவன் குனிந்தான்.

"இன்னும் குனிடா!" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான். வீடியோவில் இருந்த அதே இழுப்பு, அதே ராகம். திடலே குபீரென்று சிரித்தது. "ஷூ ஹாக்ரோ, ஷூ!" என்று கன்னடத்தில் இன்னொரு பக்கம். ஷூவைப் போடுங்கடா என்று. விசில் பறந்தது. நூறு போன்கள் மேலே எழும்பின. நான் மைக்கில், "அமைதி, அமைதி" என்று கத்துகிறேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. முதலில் நிறுத்தியிருக்க வேண்டியவர்கள் எங்கள் ஆட்கள். எங்கள் பெஞ்சிலேயே இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

சிரிக்காதவன் இளம்பரிதி ஒருவன்தான். மாலையைப் போட்டுவிட்டுக் கட்டிப்பிடிக்கவேண்டும் என்பதை மறந்து, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். முனிவேல் நிமிர்ந்தான். மாலையைக் கழற்றி, கசங்காமல் மடித்து ஸ்கோர் எழுதுகிறவன் மேசையில் வைத்தான். குனிந்து ஆடுகளத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, தன் இடது ஓரத்தில் போய் நின்றான்.

ஆடினான். முழு ஆட்டமும் ஆடினான். ஆனால் ஒரு காலையும் பிடிக்கவில்லை. பாடி வந்தவன் ஒவ்வொருவனும் அவன் பக்கமாகவே வந்து, "குனி, குனி" என்று வாய்க்குள் சொல்லிவிட்டுப் போனான். கணுக்காலைப் பிடிக்கக் குனியவேண்டும். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு அவனால் குனிய முடியவில்லை.

இரண்டாவது வீடியோ முதல் வீடியோவைவிட வேகமாகப் போனது.

நான் கம்பெனிக்கு நாலு தடவை நடந்தேன். முன்பெல்லாம் கேட்டில் சல்யூட் அடிப்பார்கள். இப்போது விசிட்டர் அட்டையைக் கழுத்தில் மாட்டி, சோபாவில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தார்கள். கடைசி நாள் மேகலா மேடம் வெளியே வந்தார். அவர் முகமும் நன்றாக இல்லை.

"பையன் மேல தப்பே இல்ல சார். ஆனா அவர் மேட்ல நின்னா ஜனங்களுக்கு அந்த வீடியோதான் ஞாபகம் வருது. டிரெய்னிங் பீரியட் முடியுது, ரினியூ பண்ணலன்னு முடிவாயிடுச்சு."

"அப்ப அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன்?"

"இளம்பரிதி கவுன்சிலிங் போறார் சார்."

"மேடம், வேலை வாங்கிக் குடுக்கறேன்னு அவனைக் கூட்டிட்டு வந்தவன் நான்."

"தெரியும் சார். உங்க பட்டறைக்கு இந்த மாசம் புது ஆர்டர் ஒண்ணு வருது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. சும்மா சொன்னேன்."

அறுபது பேர் என் பட்டறையில் சாப்பிடுகிறார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன். ஓசூரில் கோவிந்தப்பனால் முடியாதது இல்லை என்பார்கள். மாநகராட்சியில் முடியும், மின்வாரியத்தில் முடியும், போலீஸ் ஸ்டேஷனில்கூட முடியும். இதற்கு எந்தக் கதவைத் தட்டுவது என்றே எனக்குத் தெரியவில்லை. யாரைப் போய்ப் பிடிப்பது? சிரித்தவர்களையா?

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் முனிவேல் பட்டறைக்கு வந்தான். மெஷினெல்லாம் நின்றிருந்தது. பையன்கள் டிபன் பாக்ஸிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒரே சமயத்தில் குனிந்துகொண்டார்கள்.

"இங்கயே சேந்துக்கடா," என்றேன். "ஆபரேட்டர் வேலை. நானே கத்துத் தரேன்."

"இவங்க போன்லயும் இருக்குதுங்க ஐயா," என்றான், கோபமில்லாமல். "கோலார் பக்கம் பூத்தோட்டம் ஒண்ணுல கேட்டுருக்கேன். அங்க கபடி பாக்கறவங்க இல்லையாம்."

"அம்மா?"

"கொஞ்ச நாள் ஷீட்டுலயே இருக்கட்டும்." பிறகு, "மேட்ச் காசு உங்க கிட்ட இருக்குதில்லீங்களா?" என்றான்.

இருந்தது. ஆட்டக்காரர்களின் ஆட்டப்பணத்தை சீசன் முடியும்வரை நான்தான் வைத்திருப்பேன், செலவழித்துவிடுவார்கள் என்று. பீரோவைத் திறந்து அவன் பங்கை எடுத்தேன். அதன் மேல் என் சட்டைப்பையிலிருந்து ஒரு ஐந்நூறு ரூபாய்க் கட்டையும் வைத்து நீட்டினேன். அவன் மேல்கட்டை மட்டும் எடுத்து மேசையில் வைத்து, என் பக்கமாகத் தள்ளினான்.

"ஆடுனதுக்கு மட்டும் போதுங்க. எண்ணிக் குடுத்துடுங்க."

பெரியவர்களிடம் பணம் வாங்கும்போது எங்கள் பக்கத்தில் இரண்டு கையையும் ஏந்துவார்கள். அவன் வலது கையை மட்டும் விரித்து என் முன்னால் நேராக நீட்டினான். முதுகையும் நேராக வைத்துக்கொண்டான். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் எட்டவில்லை. எழுந்து நின்றேன். ஒவ்வொரு நோட்டாக எண்ணி அந்த உள்ளங்கையில் வைத்தேன். நடுவில் கணக்குத் தப்பிவிட்டது. அவன் கையை அப்படியே விரித்து வைத்திருந்தான். எல்லாவற்றையும் எடுத்து, முதலிலிருந்து மறுபடி எண்ணி வைத்தேன்.