ஒலிபெருக்கியில் அம்மாவின் பெயர்

எங்கள் உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் அடுத்த மாத நிகழ்ச்சிகளை இப்போது நான்தான் தட்டச்சு செய்து வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்புகிறேன். பொதுக்கூட்டம் என்றைக்கு, கையெழுத்து இயக்கம் எந்தத் தெருவில் தொடங்குகிறது, தொழிலாளர் துறை அலுவலகத்தின் முன்னால் தர்ணா எப்போது, துறைமுகச் சங்கத்தாருக்கு ஆதரவாக நாம் எத்தனை மணிக்குக் கூட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். நான் எழுதினால் பிழை இருக்காது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் இல்லை. எங்கள் குடும்பத்தில் முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். ஆனால் பேச்சாளர்களின் பெயரைப் போடும் இடம் வந்தால் மட்டும் செயலாளரிடம் இரண்டு தடவை கேட்டுக்கொள்வேன். ஏழாம் வகுப்புப் படித்தபோது நான் செய்த ஒரு காரியம்தான் அதற்குக் காரணம்.

அப்போது சங்கத்துச் செய்தியெல்லாம் நோட்டீஸாகத்தான் வரும். அம்மா உப்பளத்தில் உப்பு வாரும் வேலை பார்த்தாள். வெளிச்சம் வருவதற்குள் கங்காணியின் வேன் வந்து தெருமுக்கில் நிற்கும். அம்மாவும் சித்தியும் சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறிப்போவார்கள். சாயங்காலம் அவர்களோடு வேலை பார்க்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டு வாசலில் வாளியில் வெந்நீர் ஊற்றிக் காலை ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நாளெல்லாம் உப்புத்தண்ணீரில் நின்று வெடித்த கால்கள். அவர்களில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. நோட்டீஸ் வந்தால் நான்தான் வாசிக்க வேண்டும்.

"ஏளா வக்கீலம்மா, என்ன போட்டுருக்குன்னு வாசி. கால் வெந்து போறதுக்குள்ள வாசி," என்பாள் சித்தி.

நான் நின்றுகொண்டுதான் வாசிப்பேன். எல்லா நோட்டீஸிலும் கோரிக்கைகள் ஒன்றாகவே இருக்கும். உப்பளத்தில் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும், வெயிலுக்கு ஒதுங்க ஒரு கொட்டகை வேண்டும், மழைக்காலத்தில் வேலை இல்லாத நாட்களுக்கு நிவாரணம் வேண்டும். கடைசியில் பேச்சாளர்களின் பெயர்கள் வரும். ஒரு வக்கீல், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற இரண்டு பேர், பிறகு எங்கள் செயலாளர். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு பட்டம் இருக்கும். வக்கீல் 'பாட்டாளிகளின் போர்வாள்'. அதற்கும் கீழே, 'பெண் தொழிலாளர்கள் பெருந்திரளாகக் கலந்துகொள்ளவும்.' அவ்வளவுதான்.

எனக்கு அது பிடிக்கவே இல்லை. வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவது அம்மா. வர மாட்டேன் என்றவளின் மாமியாரிடம் பேசிச் சம்மதம் வாங்குவது அம்மா. மேடையில் மாலை போட்டுக்கொண்டு உட்காருவது வேட்டி கட்டிய நாலு பேர். இதை ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன். "அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்த வருஷம் பங்குனியில் பெரிய பொதுக்கூட்டம் ஒன்று ஏற்பாடாகியிருந்தது. கூட்டத்துக்கு முதல் நாள் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊரெல்லாம் அறிவிப்பது வழக்கம். ஆட்டோ என் மாமாவுடையது. கோயில் கொடை விழா, பொருட்காட்சி, எல்லாக் கட்சிக் கூட்டமும் அந்த ஆட்டோவில்தான் அறிவிக்கப்படும். சங்கத்துக்காகச் செயலாளரே உட்கார்ந்து பேசுவார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் அவர், எல்லாருக்கும் அண்ணாச்சி. அந்தச் சனிக்கிழமை அவருக்குத் தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை. மாமா என்னைக் கைகாட்டினார்.

"எங்க அக்கா மவ வாசிப்பா அண்ணாச்சி. ரேடியோ தோத்துப்போவும்."

அண்ணாச்சி தாளை என் கையில் கொடுத்து, எழுதியிருப்பதை மட்டும் வாசிக்க வேண்டும் என்று சைகையில் சொன்னார்.

முதல் மூன்று தெருக்களில் அப்படியே வாசித்தேன். நாளை மாலை நாலு மணிக்குக் கோரிக்கை விளக்கப் பொதுக்கூட்டம், புதன்கிழமை முதல் கையெழுத்து இயக்கம், அடுத்த மாதம் தர்ணா, தோழமைச் சங்கங்கள் அனைத்தும் பங்கேற்கின்றன. கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். என் கணக்கு டீச்சர் பால் பாக்கெட்டோடு நின்று பார்த்தார். அதற்குப் பிறகு என் முதுகு நிமிர்ந்தது நிமிர்ந்ததுதான்.

மாமா ஆட்டோவை உப்பளச் சாலையில் திருப்பினார். இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள். அங்கே சத்தத்தைத் தடுக்க ஒரு மரம் கூடக் கிடையாது. மைக்கில் மூச்சுவிட்டால் அரை மைல் கேட்கும். தூரத்தில் அம்மாவும் சித்தியும் ஒரே பாத்தியில் குனிந்து உப்பை வாரிக்கொண்டிருந்தார்கள். வரப்பில் கங்காணி குடை பிடித்து நின்றான். நான் தாளை மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். 'போர்வாள்' வரைக்கும் வந்துவிட்டேன். பிறகு, தாளில் இல்லாததையும் வாசித்தேன்.

"பெண் தொழிலாளர்களின் சார்பில் சிறப்புரை ஆற்றுபவர், உழைக்கும் பெண்களின் விடிவெள்ளி..." என்று தொடங்கி அம்மாவின் பெயரைச் சொன்னேன். முழுப்பெயரையும் இனிஷியலோடு சொன்னேன்.

பாத்திகளில் குனிந்திருந்த பெண்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தார்கள். அம்மா மட்டும் கொஞ்சம் தாமதமாக நிமிர்ந்தாள். கங்காணி குடையைச் சாய்த்து ஆட்டோவைப் பார்த்தான். நான் கையை ஆட்டினேன்.

மாமா பிரேக் போட்டார். "ஏளா, அது தாள்ல இருக்கா?"

"இருக்கு மாமா."

"விடிவெள்ளின்னு போட்டுருக்கா?"

"ஆமா மாமா, இங்கன பாருங்க," என்று ஏதோ ஒரு வரியைக் காட்டினேன். மாமா பார்த்துத் தலையை ஆட்டினார். எங்கள் குடும்பத்தில் என்னைச் சரிபார்க்க ஆள் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மத்தியானத்துக்குள் அதை இன்னும் நாலு இடத்தில் சொன்னேன்.

சாயங்காலம் அண்ணாச்சி வந்துவிட்டார். தொண்டையைச் சுற்றித் துண்டு. அம்மா வாளியில் காலை விட்டிருந்தாள், பக்கத்தில் சித்தி. மற்றப் பெண்கள் யாரும் அன்றைக்கு வந்து உட்காரவில்லை. அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. கரகரத்த குரலில் மெதுவாகச் சொன்னார்.

"பாப்பா, வேலைல இருக்குத பொம்பளைங்க பேரை நாங்க என்னைக்கும் நோட்டீஸ்ல போடுதது இல்ல. ஏன் தெரியுமா? வக்கீலை எவன் வேலைய விட்டு நிறுத்துவான்? என்னைய எவன் நிறுத்துவான்? எனக்கு வேலையே கிடையாது, நான் பென்சன்காரன். எங்க பேரை எவ்வளவு பெரிசா வேணும்னாலும் போடலாம். ஒங்க அம்மா பேரு கங்காணி காதுல விழுந்தா, திங்கக்கிழமை அவளை வண்டியில ஏத்த மாட்டான்."

கங்காணி குடையைச் சாய்த்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த வாரக்கூலியில்தான் எங்கள் வீட்டில் அரிசி வந்தது. அப்பா லாரியில் உப்பு மூட்டை ஏற்றும்போது இடுப்பில் அடிபட்டு அந்த வருஷம் முழுக்கப் படுக்கையில் இருந்தார். நான் அழ ஆரம்பித்தேன்.

அண்ணாச்சி ஒரு வழியும் சொன்னார். மறுநாள் காலையில் நானே ஆட்டோவில் போய், அந்தப் பெயர் தவறுதலாக அறிவிக்கப்பட்டது, அவர் பேசமாட்டார் என்று சொல்லிவிடலாம். கங்காணியிடம் அவர் தனியாகவும் பேசுவார். சின்னப்பிள்ளை செய்த காரியம் என்றால் விட்டுவிடுவான். நான் உடனே சரி என்றேன். இப்போதே போகிறேன் என்றேன்.

அம்மா வாளியிலிருந்து ஒரு காலை வெளியே எடுத்துத் துடைத்தாள். பிறகு மற்றக் காலையும் எடுத்தாள்.

"இருக்கட்டும் அண்ணாச்சி."

"என்னம்மா இருக்கட்டும்? ஏத்தமாட்டான்னு சொல்லுதேன்."

"பிள்ளை மைக்குல ஊருக்கெல்லாம் சொல்லிட்டா. நாளைக்கு அவளே போயி பொய்யின்னு சொன்னா நல்லாவா இருக்கும்? இருக்கட்டும்."

அண்ணாச்சி சித்தியைப் பார்த்தார். "நீயாவது சொல்லு."

"நான் என்னத்த சொல்ல? விடிவெள்ளி சொன்னா சொன்னதுதான்," என்றாள் சித்தி. அம்மா அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

மறுநாள் மேடையில் வேட்டிகளுக்கு நடுவே அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். வக்கீல் ஒரு மணி நேரம் பேசினார். கூட்டம் நெளிந்தது. அம்மாவைக் கூப்பிட்டதும் எழுந்து வந்து மைக்கைத் தள்ளிப் பிடித்தாள்.

"அக்கா, பக்கத்துல புடி! அது ஒண்ணும் கடிக்காது," என்று கீழேயிருந்து மாமா கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள்.

அம்மா சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். பிறகு பேசினாள்.

"நாங்க காலையில வண்டி ஏறினா வீட்டுக்கு வார வரைக்கும் தண்ணி குடிக்கது இல்ல. தண்ணி இல்லாம இல்ல."

அங்கே நிறுத்தினாள். மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். கூட்டத்தில் ஒரு பிள்ளை கூட அழவில்லை.

"குடிச்சா எங்க போவ? கண்ணுக்கெட்டின தூரம் பாத்திதான். ஒரு செடி உண்டா, ஒரு சுவர் உண்டா? ஒண்ணுக்கு அடக்கி அடக்கி ஆஸ்பத்திரிக்குப் போனவ இங்கனயே நாலு பேரு இருக்கோம். எதிர்த்த டீக்கடையில கங்காணி நிக்காரு. கங்காணி, ஒங்க வீட்டுலயும் பொம்பளைங்க இருக்காங்கள்லா? அவங்ககிட்ட ஒரு நாள் மட்டும் இப்படி இருந்து பாக்கச் சொல்லும். நாங்க ஒண்ணும் மாடி கேக்கல. நாலு தகரத்தை வச்சு ஒரு மறைப்புதான் கேக்கோம்."

மூன்று நிமிஷம்கூட இருக்காது. கைதட்டல் முடிவதற்குள் நாற்காலிக்குத் திரும்பிவிட்டாள். கங்காணி டீக்கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அந்தப் பேச்சைப் பற்றிச் சித்தி எனக்குச் சொன்னது பல வருஷம் கழித்து, நான் கல்லூரியில் படிக்கும்போது. "அவ அன்னைக்கா பேசுனா? ரெண்டு வருசமா பாத்தியில உப்பு வாரிக்கிட்டே எங்கிட்ட அதையேதான் பேசுனா. எனக்கே மனப்பாடம். 'தண்ணி இல்லாம இல்ல'ன்னு நிறுத்துனாள்லா, அங்கன எத்தனை வாரு வாருத நேரம் நிறுத்தணும்னு ரெண்டு பேரும் பாத்து வச்சிருந்தோம். கூப்பிடத்தான் ஆளில்ல."

திங்கட்கிழமை காலை வேன் வந்தபோது நானும் தெருமுக்குக்குப் போனேன். பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். அம்மா படியில் கால் வைத்ததும் கங்காணி கையைக் குறுக்கே நீட்டினான்.

"மேடையில பேசுதவங்கல்லாம் கார்ல போவணும். இது உப்பு அள்ளுதவங்க வண்டி."

"கார் வாங்கினா ஓட்டுததுக்கு ஆள் வேணுமே. நீரு வாரீரா?" என்றாள் அம்மா.

வேனுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆனால் யாரும் இறங்கவில்லை. சித்தி மட்டும் இறங்கினாள். இரண்டு பேராகச் சேர்ந்து வாரும் வேலை அது, சோடி இல்லாமல் தான் அங்கே போய் யாரோடு வாருவது என்று கங்காணியிடம் சத்தமாகவே கேட்டாள். வேன் கிளம்பிப் போய்விட்டது. போனவர்களை அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, அன்றும் சரி, பிற்பாடும் சரி. புதன்கிழமை அவர்களிடமே போய்க் கையெழுத்தும் ரேகையும் வாங்கினாள். அந்த உப்பளத்தில் அவளுக்கு மறுபடி வேலை கிடைக்கவில்லை. இறால் கம்பெனியில் ஓடு உரிக்கும் வேலைக்குப் போனாள். உப்பில் வெடித்த கால் ஆறியது. ஐஸில் விரல் வெடித்தது. மறுவருஷம் பழைய உப்பளத்தின் ஓரத்தில் தகரத்தால் ஒரு கழிப்பறை கட்டினார்கள். அம்மா அதைப் பார்த்ததே இல்லை.

அன்று காலை வேன் போன பிறகு தெருமுக்கில் நாங்கள் மூன்று பேர்தான் நின்றோம். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததை வாய்விட்டே சொன்னேன்.

"எல்லாம் என்னாலதாம்மா. நான் சொன்னதாலதான் நீ பேசுனே. எனக்காகத்தான் பேசுனே."

அம்மா சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். முகம் கொஞ்சம் கடுத்தது.

"ஒனக்காகவா? பேசுனது நானு. ஒனக்கு என்னளா அதுல? போ, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு."

என் மனசு நோகக் கூடாது என்றுதான் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவு நல்ல அம்மாவுக்கு இப்படிச் செய்துவிட்டோமே என்று வழியெல்லாம் அழுதுகொண்டே பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.