காந்தாரத்தின் நடுக்கம்

எங்கள் மாதா கோயிலில் நான் வாசிக்கும் ஆர்மோனியத்தை என் மனுசன் காதால்தான் சுருதி சேர்ப்பார். துறைமுகத்தில் இயந்திரம் திருத்துகிற வேலை அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை அரத்தைக் கழுவி எடுத்துவந்து, பெட்டியைக் கழற்றி, உள்ளே ஒலி எழுப்பும் பித்தளை நாக்குகளைச் சுரண்டுவார். நான் பக்கத்திலிருந்து பாட வேண்டும். ச, ரி, க என்று வரும்போது 'க'வில் நிறுத்தச் சொல்வார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இஞ்சேருமப்பா, கட்டை நடுங்குது, உம்மட குரல் நடுங்கேல்லை. அப்ப ஆரில பிழை?" என்பார். முப்பது வருசத்தில் நான் சரியென்று அவர் ஒப்புக்கொண்டது அந்த ஒரு விசயத்தில்தான்.

அவர் செத்து எட்டாம் மாதம் பாடகர் குழுவில் முணுமுணுப்புத் தொடங்கியது. புதிதாக வாங்கிய கீபோர்டோடு ஆர்மோனியம் ஒத்துப்போகவில்லையாம்.

"அக்கா, அண்ணை பிழையாச் சுரண்டி வச்சிட்டார் போல," என்றார் கீபோர்ட் வாசிக்கிறவர்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. செத்த மனுசனைப் பிழை சொல்ல விடுவதா? இனி யாரும் அவரைக் குறை சொல்லக் கூடாதென்று அவருடைய அரத்தையே எடுத்தேன். சுருதி பார்க்கிற செயலியைப் போட்டுப் போனை முன்னால் வைத்து, சரியென்று அதில் பச்சை வெளிச்சம் வரும்வரை ஒவ்வொரு நாக்காக நானே சுரண்டினேன். இரண்டு பின்னேரம் எடுத்தது. முடிந்தபோது பெருமையாக இருந்தது, அதை நினைத்தால் இப்போதும் வெட்கம்.

அன்றிலிருந்து 'க' நடுங்குகிறது. வேறு யாருக்கும் அது கேட்பதில்லை. குசினியில் அரிசி களையும்போதுகூட எனக்குக் கேட்கும். அதற்கு முன்னால் யாரோ தொண்டையைச் செருமுவதும் கேட்கும்.

போன மாசி மாதம் கொழும்பிலிருந்து மகள் குரல் செய்தி அனுப்பினாள். "அம்மா, இப்ப சனம் பழைய சுருதிகளைத் தேடித்தேடிக் கேக்குது. யாழ் எண்ட வாத்தியம் இருந்த காலத்தில காதுக்கு நடுங்காமத்தான் நரம்பு கட்டினவையாம். கீபோர்டுக்காகத்தான் பிறகு 'க'வைக் கொஞ்சம் மேல தூக்கினவையாம். அப்பா செய்தது பிழையில்லை அம்மா!"

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். திரும்பச் சுரண்டவும் ஏலாது. நாக்கு மெலிந்துவிட்டது, இன்னொரு தரம் அரம் பட்டால் முறிந்துவிடும். அன்று நான் சோறு சாப்பிடவில்லை.

பெரிய வெள்ளி வந்தது. எங்கள் வழக்கப்படி அன்று மணியும் இல்லை, ஆர்மோனியமும் இல்லை, மணிக்குப் பதிலாகத் தட்டும் மரத்தட்டை மட்டும்தான். சனம் வெறுங்குரலில் சிலுவைப் பாட்டைப் பாடியது. 'க' வந்தது. நடுக்கமில்லை. கீபோர்ட்காரர் உட்பட எல்லோருடைய தொண்டையும், என் மனுசன் வைத்த அதே இடத்தில் போய் உட்கார்ந்தது. பார்க்கக் கூடாதென்று தெரிந்தும், கடற்பக்கக் கதவடியில் அவர் வழக்கமாக உட்காரும் வாங்கைத் திரும்பிப் பார்த்தேன். வாங்கு வெறுமையாக இருந்தது. நான் அழுதேன், பாட்டுக்குத்தான் அழுகிறேன் என்று பக்கத்திலிருந்தவர்கள் நினைத்தார்கள்.

உயிர்ப்பு ஞாயிறு காலைப் பூசையில் ஆர்மோனியத்தைத் திறந்தேன். எல்லாக் கட்டைகளையும் வாசித்தேன், 'க' வந்த இடங்களில் மட்டும் விரலைத் தூக்கிவிட்டேன். அந்த இடங்களைச் சனம் தன்பாட்டில் பாடிக் கடந்தது.

பூசை முடிய சுவாமியார் கிட்ட வந்தார். "அந்தக் கட்டை பழுதோ?"

"ஓம் ஃபாதர். நான்தான் பழுதாக்கினனான்."

"திருத்த ஆளைக் கூப்பிடட்டோ?"

"வேண்டாம் ஃபாதர்," என்றேன். "அந்த இடத்தில அவர் வாறவர்."